சாலைப் பணியின் நஷ்டக் கணக்கு: எங்கே தப்பு செய்கிறோம்?

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. மேம்பாலத்துக்கு மதிப்பீடு 621 கோடி ரூபாய். பாலத்துக்கு என்ன செலவு என்று கேட்டால் எல்லோரும் இந்தத் தொகையைத்தான் சொல்வார்கள். முதல் தவறே அதுதான். வேலை முடியும் வரை அந்த வழியாகப் போகிறவர்கள் கூடுதலாக எரிக்கும் பெட்ரோலும் இழக்கும் நேரமும் டெண்டரில் கிடையாது. அந்தப் பில் யார் பெயருக்கும் வருவதில்லை.

சரி, அதையும் சேர்ப்போம் என்று உட்கார்ந்தால் பலரும் வண்டிகளை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது ஆட்களை. நெரிசலில் பத்து கார்கள் நிற்கின்றன, ஆள் கணக்கில் 15 பேர். பக்கத்தில் ஒரு மாநகரப் பேருந்து, 60 பேர். இருபது நிமிடம் நின்றால் கார்களில் போனது 5 மணி நேரம், பஸ்ஸில் போனது 20 மணி நேரம். ஆனாலும் மாற்றுப்பாதை போடும்போது பஸ்தான் சுற்றிப் போகிறது!

அடுத்தது கடைக்காரர்களின் நஷ்டம். இதில்தான் குழப்பம் அதிகம். தி.நகர் பனகல் பார்க் பக்கம் மெட்ரோவுக்காகத் தகரத் தடுப்பு வைத்ததும், தீபாவளித் துணிக்கு வழக்கமாக அங்கே வருகிற குடும்பம் புரசைவாக்கம் போய்விடுகிறது என்று வையுங்கள். தி.நகர்க் கடைக்கு அது நஷ்டம்தான். ஆனால் பணம் ஊரை விட்டுப் போகவில்லை. குறைந்த விற்பனை முழுவதையும் நகரத்தின் நஷ்டம் என்று எழுதக் கூடாது.

கடைக்குள்ளேயும் அதே கதைதான். விற்காத புடவை அலமாரியில் இருக்கிறது. போனது லாபமும், குறையாமல் ஓடுகிற வாடகை, சம்பளம், வட்டியும். தடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட டீக்கடையின் நிலை வேறு. காய்ச்சிய பால் மறுநாளைக்கு ஆகாது. பூக்காரம்மாவுக்கும் கீரைக்காரருக்கும் அதே பாடு. அவர்களிடம் காட்டுவதற்கு ஜிஎஸ்டி கணக்கும் இல்லை. இழப்பீடு என்று பேச்சு வந்தால் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் பெயர்தான் முதலில் ஏறும்.

ஒரே நஷ்டத்தை இரண்டு முறை எழுதுவதும் சகஜம். வியாபாரம் படுத்ததால் கட்டட உரிமையாளர் வாடகையில் பத்தாயிரம் குறைக்கிறார். கடைக்காரர் தன் முழு நஷ்டத்தைச் சொல்கிறார், உரிமையாளர் தன் பத்தாயிரத்தைச் சொல்கிறார். இரண்டையும் கூட்டினால் தப்பு. கடைக்காரருக்கு மிச்சமான பத்தாயிரம்தான் அது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, நாளுக்கு விலை வைக்காமல் குறைந்த தொகைக்குக் கேட்டவருக்கே வேலையைக் கொடுப்பது. 1994 நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் நெடுஞ்சாலைப் பாலங்கள் இடிந்தபோது, கெடுவுக்கு முன்னால் முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்றார்கள். 140 நாள் வேலை 66 நாளில் முடிந்தது. லண்டன் வேறு வழியில் போனது. 2012 முதல் அங்கே முக்கியச் சாலைகளை நெரிசல் நேரத்தில் தோண்டினால் நாள் வாடகை, அதிகபட்சம் 2,500 பவுண்டு. வாடகையைத் தவிர்க்க இரவில் வேலை செய்யலாம்.

நம் ஊரில் குடிநீர்க் குழாய்க்காரர் மூடிவிட்டுப் போன இடத்தை அப்புறம் கேபிள்காரர் தோண்டுகிறார். அதற்கு வாங்கும் சாலை வெட்டுக் கட்டணம் பள்ளத்தை மூடித் தார் போடும் செலவுக்குத்தான். அத்தனை நாள் சுற்றிப் போனவர்களின் நேரம் அதில் ஒரு ரூபாய்க்கும் சேர்வதில்லை.