கர்ப்பிணியிடம் அடி உதை பற்றிக் கேட்பது எப்படி

கிராம சுகாதார செவிலியராக நான் முதலில் பார்ப்பது, கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதைத்தான். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் இதைக் கேட்கவே கூடாது. "யூரின் டெஸ்ட் எடுக்கணும், நீங்க வெளியே உட்காருங்கம்மா" என்றால் ஐந்து நிமிடம் தனிமை கிடைக்கும்.

பி.பி. பார்க்கப் பட்டை சுற்றும்போது மேல்கையைக் கவனியுங்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் கையில் நான்கு விரல் பதிந்த தடம், மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. "கதவு இடிச்சிருச்சுக்கா" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. "மாசமா இருக்கிற எல்லார்கிட்டயும் கேட்கிறதுதான். வீட்ல யாராவது கை நீட்டுறாங்களாம்மா?" என்றேன். அன்று பதில் இல்லை. அடுத்த மாதம் அவளே சொன்னாள். அதனால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஆமாம் என்றால், "ஏன் பொறுத்துக்கிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். வயிற்றில் அடியா, ரத்தப்போக்கா, குழந்தை அசைவு குறைந்ததா? உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். இன்று வீட்டுக்குப் போகப் பயமா என்றும் கேளுங்கள். அப்புறம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் அழைக்கலாம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி இதற்கென அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். அதே வீட்டில் வசிக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு.

அவள் சம்மதிக்காமல் கணவரைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். தாய் சேய் அட்டையில் இதை எழுதவும் வேண்டாம். அது வீட்டில் எல்லார் கைக்கும் போகும்.