உடைமரமா, சீமைக்கருவேலா?
உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் நிற்கிற முள்மரத்தையெல்லாம் சீமைக்கருவேல் என்று வெட்டிவிடாதீர்கள். நம் மண்ணின் உடைமரமும் சேர்ந்து போய்விடுகிறது. முள்ளை வைத்து முடிவுகட்டுவதுதான் தவறு. கருவேல், உடை, சீமை மூன்றுக்கும் முள் உண்டு. பூவைப் பாருங்கள். சீமைக்கருவேலுக்கு விரல் நீளத்தில் இளமஞ்சள் கதிர். நாட்டுக் கருவேலுக்கு உருண்டையான பொன்மஞ்சள் பூ. உடைக்கும் உருண்டைதான், ஆனால் வெள்ளை.

பூ இல்லாவிட்டால் மரத்தடியில் நெற்றை, அதாவது முற்றிக் காய்ந்த காயை, பொறுக்குங்கள். விதைக்கு விதை இடுங்கி, பாசிமணி கோத்ததுபோல் இருந்தால் கருவேல். சுருண்டு வளைந்திருந்தால் உடை. வைக்கோல் நிறத்தில் பட்டையாக நீண்டிருந்தால் சீமை. ஆடு மேய்கிற இடத்தில் உதிர்ந்த நெற்று மிஞ்சாது, கிளையிலேயே தேட வேண்டும். குடை விரித்தாற்போல் தட்டையான உச்சி வளர்ந்த உடைக்கு நல்ல அடையாளம். கன்றில் அதை நம்பாதீர்கள்.