சுவத்துல ஒட்டின பாலிமர் எவ்ளோ தள்ளும்? கட்டம் போட்ட நோட்டுலயே கண்டுபிடிக்கலாம்

ஒரு முனையை மட்டும் சுவத்துல ஒட்டி வச்ச பாலிமர் சங்கிலி (சின்னச் சின்ன மூலக்கூறுகளைக் கோத்த நீளமான மூலக்கூறு), முளைக்குச்சில கட்டின ஆடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். சுவருக்கும் அதுக்கும் எந்த ஈர்ப்பும் விலக்கலும் இல்லைன்னாலும் அது சுவரை அமுக்கும், ஏன்னா அதுக்கு எத்தனை விதமா மடங்க முடியுமோ அத்தனையும் வேணும், சுவர் அதுல பாதிக்கு மேல புடுங்கிடுது. இதுதான் என்ட்ரோபி (எத்தனை விதமா இருக்கலாம்ங்கிறதோட அளவு) அழுத்தம்.

கணக்கு போட கட்டம் போட்ட நோட்டு போதும். அடி வரிசைக்குக் கீழ சுவர். அடி வரிசைல ஒரு கட்டத்துல சங்கிலியை ஆரம்பிங்க, பழைய பாம்பு கேம் மாதிரி மேல, கீழ, இடது, வலதுன்னு நகரலாம், ஏற்கனவே போன எந்தக் கட்டத்துக்கும் திரும்பப் போகக்கூடாது, சுவருக்குள்ளயும் போகக்கூடாது. 3 அடி வச்சா மொத்தம் 19 வழி வரும் (பக்கவாட்டுல ஆரம்பிச்சா 5, 5, மேல ஆரம்பிச்சா 9).

இப்போ ஆரம்பக் கட்டத்துக்கு வலது பக்கத்துக் கட்டத்தை அடைச்சுட்டோம்னு வைங்க, சுவரை அங்க மட்டும் ஒரு கட்டம் மேல ஏத்தின மாதிரி. அதைத் தொடுற வழி 6, மிச்சம் 13. அழுத்தம்ங்கிறது கால்குலேட்டர்ல எல்என் பட்டன் தட்டி 19/13க்கு மடக்கை எடுக்கிறதுதான், 0.38 வரும். அலகு, கேடியை ஒரு கட்டத்தோட பரப்பால வகுத்தது (கேடின்னா போல்ட்ஸ்மான் மாறிலியை கெல்வின் வெப்பநிலையால பெருக்கினது). நான் மொதல்ல 6க்கு பதில் 5னு எழுதிட்டு முழிச்சேன், மேல போய் வலது போய் கீழ இறங்குற அந்த ஒரு வழியை விட்டுட்டேன், எல்லாரும் அதைத்தான் விடுவாங்க. அதுக்கு அடுத்த கட்டத்துக்கு 2 வழிதான், அழுத்தம் 0.11. மூணாவதுக்கு 1, அதாவது 0.05. எவ்ளோ வேகமா விழுது பாருங்க.

நீளம் கூடினா கையால முடியாது, ஒவ்வொரு அடிக்கும் வழிகள் சுமாரா 2.6 மடங்கு பெருகும், பைத்தான்ல சின்னதா ஒரு ரிகர்ஷன் (தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடுற நிரல்) எழுதிடுங்க.

நிஜ முப்பரிமாணத்துல நீளமான சங்கிலிக்கு அழுத்தம், ஒட்டின புள்ளில இருந்து இருக்கிற தூரத்தோட கனத்துக்கு (தூரம் × தூரம் × தூரம்) எதிர்விகிதமா குறையும். தன்னைத் தானே வெட்டிக்கலாம்னு விட்ட எளிய சங்கிலிக்கு அது கேடியை 2π மடங்கு தூரத்தோட கனத்தால வகுத்தது. 300 கெல்வின்ல 10 நானோமீட்டர் தள்ளி சுமார் 660 பாஸ்கல், 1 நானோமீட்டர்ல அதே கணக்கு 6 வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டிடும்! சங்கிலியோட மொத்த சைஸைத் தாண்டினா சட்டுனு பூஜ்யம் ஆயிடும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, சுத்தி எவ்ளோ அமுக்குதோ அதே அளவு விசையோட ஒட்டின புள்ளியை மேல இழுக்கும், கூட்டினா பூஜ்யம். கெட்டி சுவர்ல இது தெரியாது, செல் சவ்வு மாதிரி மெத்துன்னு இருந்தா ஒட்டின இடம் கிள்ளித் தூக்கின துணி மாதிரி கூம்பா எழும்பி நிக்கும்.