சி2 விளையாடிய விளையாட்டு: கஸ்டம் மோடில் நாம் விடும் பிழைகள்

போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணம். இரண்டாவது கமராவுக்கு என்னோடு வந்த தம்பி, மணவறைக்குப் பக்கத்தில் நின்று கமராவைப் பார்ப்பதும் தலையைச் சொறிவதுமாக இருந்தான். கிட்டப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, இதுக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கோ தெரியேல்ல. நான் வைக்கிற செற்றிங் எல்லாம் தானா மாறுது."

டயலைப் பார்த்தேன். சி2. சிரிக்க வேண்டிய இடம், ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே சி2 எனக்கும் ஒருநாள் காலை வாரியது. அவனுக்கு நடந்தது ஆட்கள் வரிசையாக வந்து அறுகரிசி போடும் நேரத்தில். ஒரு படம் போனால் அடுத்த மாமி வருவா. நான் மாட்டியது அப்படியான நேரத்தில் இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: கெனன் டயலில் சி1, சி2, சி3, நிக்கோனில் யு1, யு2, சோனியில் 1, 2, 3 என்று இருப்பவைதான் கஸ்டம் மோட். ஷட்டர் வேகம், அப்பெச்சர் (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), போகஸ் முறை, வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓர் எழுத்துக்குள் போட்டு வைக்கலாம். ஒரு திருகில் எல்லாம் வந்துவிடும். பற்றரி சார்ஜ் போடுங்கள், மெமரி கார்டைப் பாருங்கள் என்ற புத்திமதியெல்லாம் இங்கே இல்லை. அது உங்களுக்குத் தெரியும்.

## குப்பையோடு சேர்த்துக் கட்டுவது

பதிவு செய்யும்போது உங்கள் மனத்தில் இருப்பது என்னவென்று கமரா கேட்பதில்லை. அந்த நொடியில் எது எது எப்படி இருக்கிறதோ அத்தனையையும் அள்ளிக்கொள்ளும்.

ஒருநாள் இரவு பேரை வாவிக் கரையில் முக்காலி போட்டுத் தாமரைக் கோபுரத்தின் விளக்குகளை எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் சும்மா இருந்த நேரத்தில் போகஸ் பொத்தான்களை என் விரலுக்கு வசதியாக மாற்றினேன். நன்றாக அமைந்தது. அப்படியே சி1-இல் பதிந்து, "தெருப் படத்துக்கு இதுதான்" என்று முடிவும் கட்டினேன். மறுநாள் காலை புறக்கோட்டை. மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு ஒரு நாட்டாமை (சுமை தூக்குபவர்) நேராக என்னை நோக்கி வருகிறார், பின்னால் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைச் சுவர். அமுக்கினேன். பீப், பீப் என்றது. முக்காலிக்காக வைத்த இரண்டு செக்கன் டைமர். அவர் என்னைக் கடந்து போய், "வழி விடு தம்பி" என்று சொல்லி முடித்த பிறகு படம் விழுந்தது. படத்தில் அவருடைய முதுகுகூட இல்லை. முக்காலிக்காக நிறுத்தி வைத்த நடுக்கக் கட்டுப்பாடும் அப்படியே நின்றுபோய்க் கிடந்ததை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் கண்டேன்.

பதிவதற்கு முன்னால் கமராவின் செற்றிங்கை ஒருமுறை முழுதாக அழித்து, வெறும் நிலையிலிருந்து ஒவ்வொன்றாக வையுங்கள். டைமர், எக்ஸ்போஷர் கம்பன்சேஷன் (கமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது), வைட் பேலன்ஸ், மீட்டரிங் (வெளிச்சம் அளக்கும் முறை), நடுக்கக் கட்டுப்பாடு: ஒளிந்திருந்து கடிப்பவை இந்த ஐந்தும்தான்.

## வெளிச்சத்தைப் பதிய நினைப்பது

"கோயில் மோட்", "கலியாண மோட்" என்று வைத்திருக்கும் தம்பிமாரைப் பார்க்கிறேன். கோயில் என்பது ஒரு வெளிச்சம் இல்லையே. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவின் நிழலில் புறப்பட்டுக் காலி வீதி வெயிலுக்கு வரும்போது, காலையில் பதிந்த ஷட்டரும் ஐஎஸ்ஓவும் எதற்கு உதவும்? கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல்லைப் பார்த்த மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். கம்பன்சேஷனைக் குறைக்க வேண்டும். அடுத்த நிமிடம் வெள்ளை வேட்டியோடு ஒருவர் குறுக்கே வந்தால் அதே எண் பிழை.

பதிய வேண்டியது, கை நிறையத் தட்ட வேண்டிய விடயங்களை. தேருக்கு என்றால் ஓடும் ஆளைத் துரத்தும் போகஸ், தொடர்ச்சியாக எடுக்கும் டிரைவ், ஓட்டோ ஐஎஸ்ஓவோடு 1/500 செக்கனை விட மெதுவாகாத ஷட்டர். ஆறு ஏழு மெனுப் படி அதற்குள் அடங்கிவிடும். வெளிச்சத்தைப் பார்க்கும் வேலை உங்களுடையது.

## தூங்கி எழும்பிய கமரா

சரி, இப்போது என் கதை.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். காலையில் வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்குவதை சி2-இல் எடுத்தேன். அது நிழலான வெளியிடத்துக்காகப் பதிந்து வைத்தது: மனுவல், 1/500, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 200. அதே கையோடு உள்ளே வந்தேன். பிளாஷ் போடவில்லை, வீடியோக்காரரின் லைட்டே போதுமாக இருந்தது. டயலைத் திருப்பாமல், சி2-இல் நின்றபடியே ஷட்டரை 1/100-க்கும் ஐஎஸ்ஓவை 1600-க்கும் மாற்றினேன். ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகப் போனது.

பிறகு பொம்பிளை கூறை மாற்றப் போனா.

எங்கள் கலியாணங்களில் அந்த இடைவெளி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஐயர் தண்ணீர் குடிப்பார், நாதஸ்வரக்காரர் சீவாளியைப் பார்ப்பார், படம் எடுப்பவன் கமராவைத் தோளில் தொங்கவிட்டுக் கொஞ்சம் சாய்ந்து நிற்பான். நானும் நின்றேன். கமராவும் தூங்கியது. ஓட்டோ பவர் ஓஃப் ஒரு நிமிடத்தில் வைத்திருந்தேன், பற்றரியை மிச்சம் பிடிக்க.

கூறையோடு பொம்பிளை வந்து இருந்தா. தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. கெட்டிமேளம். கமராவை எழுப்பி ஏழு படம் எடுத்தேன். ஏழும் கறுப்பு.

நடந்தது இதுதான். கஸ்டம் மோடில் நின்றுகொண்டு நீங்கள் செய்யும் மாற்றம் கடன் வாங்கின பொருள் மாதிரி. நான் வைத்திருந்த கமரா தூங்கி எழும்பியதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிந்து வைத்த பழைய எண்களுக்கே போய்விட்டது. 1/500, ஐஎஸ்ஓ 200. ஷட்டரில் ஐந்து மடங்கு, ஐஎஸ்ஓவில் எட்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால், படத்துக்கு வேண்டிய வெளிச்சத்தில் 40-இல் ஒரு பங்குதான். அது உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கமரா, செற்றிங் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும் காட்சி இருளாது. வியூபைண்டருக்குள் மணமக்கள் பளிச்சென்று தெரிந்தார்கள், சந்தேகமே வரவில்லை.

ரா கோப்பை (கமரா பதியும் மூலக் கோப்பு) வெளிச்சம் கூட்டி இழுத்துப் பார்த்தேன். கூறையின் சிவப்பு சேற்று நிறமானது, மாப்பிள்ளையின் கன்னத்தில் மணல் கொட்டியது. கடைசியில் வீடியோவிலிருந்து ஒரு பிரேம் பிடுங்கி அல்பத்தில் போட்டேன், கணக்கில் பாதிக் காசையும் வாங்கவில்லை. பொம்பிளையின் அம்மா அல்பத்தைப் புரட்டிவிட்டு, "தம்பி, எல்லாம் வடிவா இருக்கு. தாலி கட்டுற படம் மட்டும் ஏன் இப்பிடி மங்கலா?" என்று கேட்டா. கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாமல், விழப்போகும் படத்தின் வெளிச்சத்தையே திரையில் காட்டும் கமரா) வைத்திருப்பவர்கள், "எங்களுக்கு இருட்டு முன்னமே தெரியும்" என்பார்கள். தெரியும்தான். ஆனால் பிளாஷ் வேலைக்காக எக்ஸ்போஷர் காட்டுவதை நிறுத்தி வைத்திருந்தால் உங்களுக்கும் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். பம்பலப்பிட்டித் தம்பியின் கமரா மிரர்லெஸ்தான்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அந்தப் பிழையை நினைத்து மட்டும் இல்லை, அதைத் திருத்துகிறேன் என்று செய்த வேலையை நினைத்தும்தான். மெனுவில் ஓட்டோ அப்டேட் என்று ஒன்று இருப்பதைக் கண்டேன். போட்டுவிட்டால் கஸ்டம் மோடில் செய்யும் எந்த மாற்றமும் தானாகவே பதிந்துவிடும். ஆகா என்று போட்டேன். அடுத்த கிழமை காலிமுகத்திடலில் சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரம், பட்டம் விடும் பிள்ளைகளை நிழலுருவாக எடுக்க சி1-இல் கம்பன்சேஷனை மைனஸ் 2-க்கு இறக்கினேன். அதுவும் விசுவாசமாகப் பதிந்துகொண்டது. இரண்டு நாள் கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு சாமத்தியச் சடங்கு. அரை மணி நேரப் படம் முழுக்க மைனஸ் 2. அவை ரா கோப்பில் தப்பின, என் தன்மானம் தப்பவில்லை. அதோடு சி1 எதற்காகப் பதிந்தது என்பதே மறந்துபோனது. மூலப்படி போய்விட்டதே.

இப்போது நான் செய்வது இது. ஓட்டோ அப்டேட் எப்போதும் ஓஃப். சி1-உம் சி2-உம் வீட்டில் நிதானமாகப் பதிந்தவை, அவற்றைத் தொடுவதில்லை. சி3 சிலேட்டு மாதிரி. ஒவ்வொரு மண்டபத்துக்கும் போய், வெளிச்சம் பார்த்து, எண்களை வைத்து, அங்கேயே சி3-இல் புதிதாகப் பதிந்துவிடுவேன். பதியும் கட்டளையை 'மை மெனு' என்ற, நாமே அடுக்கும் மெனுவின் முதல் வரியில் போட்டு வைத்திருப்பதால் அரை நிமிடம்கூடப் பிடிக்காது. பிறகு கமரா தூங்கினாலும் எழும்பினாலும், நான் தெரியாமல் டயலைத் தட்டினாலும், திரும்பி வருவது அந்த மண்டபத்தின் எண்களுக்குத்தான். தூங்கும் நேரத்தையும் 15 நிமிடமாக்கினேன். பற்றரி கூடுதலாகச் செலவாகும், செலவாகட்டும். கூறை மாற்றும் நேரத்தில் இடைக்கிடை ஷட்டரைப் பாதி அமுக்கிவிடுவது விரலுக்குப் பழகிவிட்டது.

"அப்ப எம் மோடுக்குப் (மனுவலுக்கு) போயிடலாமே அண்ணே" என்று பம்பலப்பிட்டித் தம்பி கேட்டான். போகலாம். ஆனால் சி2-இல் கட்டி வைத்த போகஸ் அமைப்பு நம்மோடு எம் மோடுக்கு வராது. அங்கே இருப்பது எம்மின் சொந்த மூட்டை.

எல்லாக் கமராவும் ஒரே மாதிரி இல்லை. பல கெனன்களில் ஓட்டோ பவர் ஓஃப் ஆனாலே மாற்றம் போய்விடும். நிக்கோன் யு1, யு2-இல் கமராவை நிறுத்திப் போட்டாலோ டயலைத் திருப்பி வந்தாலோ பதிந்ததற்குத் திரும்பும். ஆனால் டி500, டி850 போன்றவற்றில் யு1 இல்லை, மெனு பேங்குகள் (செற்றிங் தொகுதிகள்) தான். அவை நேர் எதிர், மாற்றியதை மாற்றிய இடத்திலேயே வைத்துக்கொள்ளும். சோனியில் 1, 2, 3 தவிர எம்1 முதல் எம்4 வரை பதிபவை மெமரி கார்டில் போய் இருக்கும். கார்டை வீட்டில் விட்டால் அவையும் வீட்டில்தான். பழைய புஜிபிலிம் கமராக்களில் சி1 முதல் சி7 வரை நிறம், பிலிம் சிமுலேஷன் போன்ற படத்தின் தோற்றத்தை மட்டுமே பதியலாம், போகஸ் அமைப்பு அதில் சேராது. உங்களுடையது எந்த ரகம் என்று வீட்டில் இருந்தே சோதியுங்கள். மோடுக்குப் போய் ஐஎஸ்ஓவை மாற்றுங்கள், கமராவைத் தூங்க விடுங்கள், எழுப்பிப் பாருங்கள். பிறகு ஓஃப் பண்ணிப் போட்டுப் பாருங்கள். ஒரு பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.

## வேறு ஊர்க் கரண்டுக்குப் பதிவது

அமெரிக்க யூடியூப்காரர் சொன்ன எண்களை அப்படியே சி1-இல் ஏற்றுகிறார்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இலங்கையில் 50. அதனால் நம் டியூப் லைட்டுகளும் மலிவான எல்ஈடி பல்புகளும் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு அகப்படும், 1/50 வைத்தால் இரண்டு. 1/250 வைத்தால் துடிப்பின் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஒரு படம் வெள்ளை, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்ததில் பாதியில் பழுப்புப் பட்டை. வீடியோவுக்கும் அங்கே செக்கனுக்கு 30 பிரேம், ஷட்டர் 1/60. இங்கே பால் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி 25 பிரேம், 1/50.

ஆன்டி பிளிக்கர் (விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் மண்டப மோடில் அதையும் சேர்த்துப் பதியுங்கள். கெனன் 2014-இல் 7டி மார்க் 2-வில் கொண்டு வந்தது, இப்போது பல கமராக்களில் உண்டு. துடிப்பின் உச்சியைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும். மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்ஈடித் திரைக்கு மட்டும் அது பலிக்காது. திரையின் துடிப்பு கரண்டோடு ஒத்துப் போவதில்லை. அங்கே போய் இரண்டு படம் எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

## ஜேபெக் மட்டும் பதிவது

வேண்டாம்.

## மூன்றையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பது

ஒன்று போதுமென்றால் ஒன்று.

## எது எதற்கு என்று எழுதாமல் விடுவது

மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு, பேனை. கமராவின் அடியில் ஒட்டுங்கள்.

## இரண்டு கமராவில் இரண்டு விதமாக வைப்பது

என் பெரிய கமராவில் சி1 மண்டபம், சி2 வெளியிடம். சின்னதில் சி1 வெளியிடம், சி2 மண்டபம். ஏன் என்று கேட்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறேன் என்று மூன்று ஞாயிறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.