அடுத்த பாப்பா வருமுன் தூளியைக் கழற்றுங்கள்

மூத்ததுக்கு இரண்டு வயது, இன்னும் தூளியில்தான் தூங்குகிறது, வயிற்றில் அடுத்தது என்றால், வளைகாப்புக்கு முன்பே தூளியைக் கழற்றிவிடுங்கள். பாப்பா வந்த பிறகு கழற்றினால், தன் இடத்தைப் பிடுங்கி அதற்குக் கொடுத்துவிட்டதாகத்தான் பிள்ளைக்குத் தோன்றும். ஓரிரு மாதமாவது கொக்கி சும்மா கிடக்கட்டும். முதலில் பகல் தூக்கத்தைப் பாயில் பழக்குங்கள், இரவு அப்புறம். தூளி கட்டிய அதே பழைய சேலையை மடித்துப் போர்வையாகக் கொடுத்தால் பாதி அழுகை அடங்கும். அதில் அம்மா வாசம் இருக்கிறதே! பாப்பாவுக்கு வேறு சேலை கட்டிக்கொள்ளலாம்.

தட்டித் தூங்க வைக்கும் வேலையை இப்போதே அப்பாவோ பாட்டியோ எடுத்துக்கொள்ளட்டும். முதல் சில நாள் அம்மா வேண்டும் என்று ஊரைக் கூட்டும். நடுவில் போய் எட்டிப் பார்க்காதீர்கள்.

டயப்பரை நிறுத்துவது, பால்வாடியில் சேர்ப்பது எதுவும் பிரசவத்தை ஒட்டி வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பாப்பாவை வேறு யாராவது தூக்கி வரட்டும். அம்மாவின் கை காலியாக இருந்தால் பெரியது ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். சிசேரியன் என்றால் தூக்காமல், உட்கார்ந்தபடி பக்கத்தில் அணைத்துக்கொள்ளுங்கள். “இனி அம்மா உனக்கு இல்ல” என்று கிண்டல் செய்யும் சொந்தக்காரர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள், எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் சரி.

பெரியது பாசமாகத்தான் தூளியை ஆட்டும். ஆனால் வேகம் தெரியாது. இரண்டையும் தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.