எதிரணி ரசிகர்களுக்கு நடுவே உட்காரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு கால்பந்து ஆட்டத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர், உள்ளூர் அணியின் ஸ்கார்ஃபைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் இருந்த எல்லோரையும்விட உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். அந்த ஸ்கார்ஃபின் மடிப்புக்கோடுகூட இன்னும் கலையவில்லை. பாட்டின் இரண்டாவது வரி அவருக்குத் தெரியவும் இல்லை. அவர் உண்மையில் எந்த அணியின் ரசிகர் என்பது இடைவேளைக்குள் அந்தப் பகுதி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பழைய எரிச்சல்தான் திரும்பி வந்தது.

எதிரணி ரசிகர்களுக்கு நடுவே நம் ஜெர்சியை அணிந்து போகக் கூடாது, குடித்துவிட்டுப் போகக் கூடாது, வம்பு வளர்க்கக் கூடாது என்பவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றையும் ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால், அவர் வீட்டில் இருந்தபடி தொலைக்காட்சியில் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

கிடைத்த இடத்தில் டிக்கெட் எடுப்பது

உள்ளூர் ரசிகர்களின் பகுதி என்றால் எல்லா இடமும் ஒரே மாதிரி என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் பெரும்பாலும் பாடுகிறவர்கள், கொடி அசைக்கிறவர்கள், தொண்ணூறு நிமிடமும் நின்றே பார்க்கிறவர்கள் கூடும் இடம். ஜெர்மனியின் டார்ட்முண்ட் மைதானத்தில் தெற்குப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடி ஆட்டம் பார்க்கிறார்கள்; அங்கே சும்மா நிற்பதே தனித்துத் தெரியும். மைதானத்தின் நீளவாட்டில், நடுக்கோட்டுக்கு நேரே உள்ள இருக்கைகளில் வயதானவர்களும் குடும்பத்தோடு வருகிறவர்களும் அதிகம் இருப்பார்கள். அங்கே ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருப்பதை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

‘நடுநிலைப் பகுதி’ என்று டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், நடுநிலையாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட இசட் பகுதியில் பெரும்பாலும் யுவென்டஸ் ரசிகர்களே இருந்தார்கள். பக்கத்துப் பகுதியிலிருந்து லிவர்பூல் ரசிகர்கள் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்தபோது அவர்கள் ஒரு சுவரின் பக்கமாக நெருக்கித் தள்ளப்பட்டார்கள். நெரிசலிலும் அந்தச் சுவர் சரிந்ததிலும் 39 பேர் இறந்தார்கள். கொல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களிடையே மூண்ட மோதலில் 16 பேர் இறந்தார்கள். ரசிகர்களைப் பிரித்து உட்கார வைப்பதை வெறும் கெடுபிடி என்று நினைத்து அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டு நாட்களையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

அவர்களில் ஒருவராக நடிப்பது

இந்தத் தவறைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் நண்பர் ஒருவர் எதிரணியின் தீவிர ரசிகர். ஆண்டு முழுவதும் ஒரே இருக்கையில் உட்காரும் சீசன் டிக்கெட் வைத்திருந்தார். எங்கள் அணி அங்கே ஆட வந்த நாளில் அவரால் போக முடியாததால், தன் அட்டையை என்னிடம் கொடுத்து, “சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வா” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லை நான் கேட்டிருக்கலாம்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் இருந்தார். நண்பரின் இடத்தில் புதிய ஆளைக் கண்டு, “தம்பி, நீங்கள் அவருக்கு உறவா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னதோடு நான் நிறுத்தியிருந்தால்கூடப் போயிருக்கும். எங்கள் வீட்டில் எல்லோருமே இந்த அணிதான், சின்ன வயதிலிருந்தே இதைத்தான் பார்க்கிறோம் என்று அளந்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தான் உட்கார்ந்திருந்த மெத்தையை விரித்துப் பாதியை எனக்குத் தள்ளினார். இடது பின்கள ஆட்டக்காரருக்கு முழங்காலில் இன்னும் வலி இருக்கிறது, அதனால்தான் அவர் முன்னேறி ஓடுவதில்லை என்பதுபோன்ற விஷயங்களை, வீட்டு ஆளிடம் சொல்வதுபோல என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் விடாமல் நடித்தேன். எங்கள் கோல்கீப்பரையே திட்டினேன். முதல் பாதியில் அவர்கள் கோல் அடித்தபோது அவருக்கு முன்பாக நான் எழுந்து குதித்தேன்.

88ஆவது நிமிடத்தில் எங்கள் அணி சமன் செய்தது. நான் எழவில்லை, கத்தவில்லை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். ஆனால் மடியில் மடித்து வைத்திருந்த மேலங்கிக்கு அடியில் என் வலது கை தானாக இறுகியது. அந்தக் கணத்தில் பெரியவர் தலையைக் குனிந்திருந்தார். அங்கியின் மேல் புடைத்துத் தெரிந்த முஷ்டியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் மெத்தையின் பாதியை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் பின்வரிசைக்குத் திரும்பி, “இவர் நம் ஆள் இல்லை” என்றார்.

என்னை யாரும் அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதியே எழுந்து நின்று என்னைப் பார்த்தது. இரண்டு மைதானப் பணியாளர்கள் வந்து, அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு, என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது என்பதை வாசலுக்கு வெளியே நின்று இரைச்சலை வைத்து ஊகித்தேன். நண்பரின் அட்டை ஐந்து ஆட்டங்களுக்கு முடக்கப்பட்டது. அது முடிந்து அவர் தன் இருக்கைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெரியவர் அவரிடம் பேசவில்லை. பல ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய இரண்டு பேருக்கு இடையே நான் ஒரே மாலையில் ஏற்படுத்திய மௌனம் அது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெரியவர் சினந்தது நான் எதிரணி ரசிகன் என்பதற்காக அன்று. எழுபது நிமிடத்துக்கு மேல் அவரை ஏமாற்றினேன் என்பதற்காக. பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்நியனை எந்தக் கூட்டமும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், வேடம் போட்டவனைப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே உங்கள் அணி எது என்று நீங்களாகவே அறிவிக்க வேண்டியதில்லை. யாரேனும் கேட்டால் “ஆட்டத்தைப் பார்க்க வந்தேன்” என்ற பதில் போதும். அது பொய்யும் அன்று. மேலும் கிளறிக் கேட்டால் உண்மையைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் பல கழகங்களின் விதிகள், உள்ளூர் ரசிகர் பகுதியில் காணப்படும் வெளியூர் ரசிகரை வெளியேற்ற இடமளிக்கின்றன என்பதால், உண்மை சொன்னாலும் வெளியே போக நேரலாம்தான். ஆனால் இரவல் டிக்கெட்டில் வந்திருந்தால், அதைக் கொடுத்தவரின் பெயர் கெடாமல் போகலாம்.

எதிரணியின் கோலுக்குத் தயாராகாமல் வருவது

நம் அணி கோல் அடித்தால் எப்படி அடக்கிக்கொள்வது என்பதை எல்லோரும் யோசித்துவிட்டு வருகிறார்கள். உள்ளூர் அணி கோல் அடித்தால் என்ன செய்வது என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. சுற்றிலும் ஆயிரம் பேர் எழுந்து நிற்க, நீங்கள் மட்டும் முழங்காலில் முழங்கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தால் அதுவே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். குதிக்க வேண்டாம்; ஆனால் எழுந்து நில்லுங்கள். எல்லோரும் எழும்போது ஆட்டம் மறைக்கிறது என்பதால் எழுவது இயல்பான செயல்தான், அதில் நடிப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் மகிழ்ச்சியில் உங்கள் தோளைப் பிடித்து உலுக்கினால், உலுக்கட்டும்.

வி.ஏ.ஆர். முடிவுக்குச் சிரிப்பது

நடுவரின் முடிவைக் காணொளியில் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். முறை 2018 உலகக் கோப்பையில் வந்த பிறகு இந்தத் தவறுக்கு வாய்ப்பு பெருகிவிட்டது. உள்ளூர் அணியின் கோலை இரண்டு மூன்று நிமிடம் சரிபார்த்து, ஆஃப்சைட் என்று ரத்து செய்யும்போது உதட்டோரம் வரும் அந்தச் சிறு சிரிப்பை, கொண்டாட்டம் பறிபோன மனநிலையில் இருக்கும் கூட்டம் மன்னிப்பதில்லை. அந்த நேரத்தில் திரையைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காதீர்கள்.

கைத்தட்ட அஞ்சுவது

எதிரணி ஆட்டக்காரரின் நல்ல ஆட்டத்தைப் பாராட்டுவது துரோகம் என்று சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 2005 நவம்பரில் பார்சலோனா அணி மாட்ரிட்டின் பெர்னபேவ் மைதானத்தில் 3-0 என்று வென்றபோது, ரியல் மாட்ரிட் ரசிகர்கள் பலர் எழுந்து நின்று ரொனால்டினோவுக்குக் கைத்தட்டினார்கள். 2018 ஏப்ரலில் டுரின் நகரில் கிறிஸ்டியானோ ரொனால்டோ பின்புறமாகப் பாய்ந்து அடித்த கோலுக்கு, எதிரணியான யுவென்டஸின் ரசிகர்களும் கைத்தட்டினார்கள். ஆனால் இதில் நீங்கள் விருந்தாளி என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளூர் ஆட்டக்காரருக்கு நீங்கள் மனமாரத் தட்டலாம். உங்கள் ஆட்டக்காரருக்குத் தட்டுவதை அந்த இடத்துக்காரர்கள் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கூட்டமாகப் போவது

2022 ஏப்ரல் 14 அன்று பார்சலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில், ஃபிராங்ஃபர்ட் அணிக்கு ஒதுக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 இருக்கைகள்தான். உள்ளே வந்த அதன் ரசிகர்கள் ஏறத்தாழ 30,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. அந்த அணி 3-2 என்று வென்றது. அதைக் காட்டி, நான்கு பேராகச் சேர்ந்து போனால் பயமில்லை என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முப்பதாயிரம் என்பது வேறு, நான்கு என்பது வேறு. தனியாகப் போகிறவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். நான்கு பேர் தங்களுக்குள் கண்ஜாடை காட்டிக்கொள்வார்கள், கண்ஜாடை பின்னர்ச் சிரிப்பாகும். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

பழைய துயரங்களைக் கிண்டல் செய்வது

மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் இறந்த 1958 மியூனிக் விமான விபத்து, லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் இறந்த 1989 ஹில்ஸ்பரோ போன்றவற்றைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது.

தொலைபேசி

அழைப்பொலியாக உங்கள் அணியின் பாட்டை வைத்திருந்தால் உள்ளே நுழையும் முன் மாற்றிவிடுங்கள். முகப்புப் படத்தையும் மாற்றுங்கள். மணி பார்க்கத் திரையைத் தொடும்போது பின்வரிசைக்காரருக்குத்தான் அது முதலில் தெரிகிறது. நம் அணி வென்ற நாளில் நண்பர்களின் வாழ்த்துகள் வரிசையாக வந்து குவியும். அவற்றைப் படிக்கும் ஆசையை வாசலைத் தாண்டி, கூட்டத்தோடு போகும் பேருந்திலும் ரயிலிலும் அடக்கிக்கொண்டு, அந்த அணியின் நிறங்கள் கண்ணில் படாத இடத்துக்கு வந்த பிறகே தொலைபேசியை வெளியே எடுங்கள்.