கோராவோடு வயலின் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கோரா மேற்கு ஆப்பிரிக்காவின் தந்தி வாத்தியம். மாலி நாட்டுக் கோரா மேதை துமானி ஜபாத்தே 2008-ல் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு பார்பிகன் அரங்கில் வாசித்தார். அந்தப் பதிவு 2021-ல்தான் 'கோரோலென்' என்ற ஆல்பமாக வந்தது. அதைக் கேட்ட ஜோரில் "நாமும் கோராவுக்குப் பின்னால் நாலு வயலின் போட்டால் என்ன" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம், ஆனால் சறுக்கும் இடங்கள் நிறைய.

முதல் சறுக்கல், கோராவை ஹார்ப் என்று நினைத்து எழுத உட்காருவது. மேடை ஹார்ப்பில் பெடல் இருக்கிறது, மிதித்தால் ஸ்கேல் மாறும். கோரா என்பது பாதிச் சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், ஒரு நீளக் கழி, 21 தந்திகள், அவ்வளவுதான். இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மீட்டும், மற்ற விரல்கள் கைப்பிடிகளைப் பற்றியிருக்கும். பழைய பாணிக் கோராவில் ஸ்ருதி மாற்ற, கழியில் கட்டிய தோல் வளையங்களை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் கடைசிச் சரணத்தை அரை ஸ்ருதி ஏற்றி எழுதினால், கோராக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது ஸ்ருதி. சவுத்தா என்றொரு ஸ்ருதி அமைப்பில் மத்யமம் ஏறியிருக்கும். கேட்டதும் "அட, கல்யாணி!" என்று நமக்குத் துள்ளும். ஸ்கேல் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அதில் கல்யாணியின் கமகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். ட்யூனர் ஆப்பை வைத்துக் கோராவைப் பியானோவுக்கு இழுப்பதும் வேண்டாம். கோராக்காரர்கள் காதால் சேர்க்கும் இடைவெளிகள், எல்லா அரை ஸ்ருதியையும் ஒரே அளவாக வெட்டும் பியானோவின் சமப் பங்கீட்டில் அப்படியே உட்காராது. வயலினுக்கும் அதன் பெரிய உறவான செல்லோவுக்கும் வீணையில் இருப்பதுபோன்ற மெட்டுக்கட்டை கிடையாது, அதனால் அவை கோராவின் ஸ்ருதிப் பக்கம் வந்துவிடும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, இருக்கிற இடத்தையெல்லாம் அடைப்பதுதான். கோராவில் திரும்பத் திரும்ப வரும் அடித்தளம் கும்பெங்கோ, அதன்மேல் பாய்ந்து இறங்கும் வேகச் சுரங்கள் பிரிமிந்திங்கோ. பேஸ், கும்பெங்கோ, பிரிமிந்திங்கோ மூன்றையும் துமானி ஒரே ஆளாக ஒரே நேரத்தில் வாசித்தவர், 1988-ல் வந்த 'கைரா' ஆல்பத்தைக் கேளுங்கள், கூட யாருமே இல்லை. அப்படிப்பட்ட வாத்தியத்தில் செல்லோ பேஸை இரட்டித்து, வயலின் மெட்டை இரட்டித்தால் மிஞ்சுவது என்ன? போதாததற்குக் கோராவின் சத்தம் மெல்லியது, மைக் இல்லாவிட்டால் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே காணாமல் போய்விடும். கோராக்காரர் பலாக்கே சிசோக்கோவும் பிரெஞ்சு செல்லோக்காரர் வின்சென்ட் செகாலும் மாலியின் தலைநகர் பமாக்கோவில் பாடகர் சலிஃப் கெய்த்தாவின் ஸ்டுடியோவில் ராத்திரிகளில் உட்கார்ந்து பதிவு செய்த 'சேம்பர் மியூசிக்' ஆல்பம் (2009) இதற்கு நல்ல பாடம். செகால் பல இடங்களில் வில்லை வைத்துவிட்டு செல்லோவை விரலால் மீட்டுவார், கோராவுக்கு அடியில் அடங்கி நிற்பார்.

தாளத்தில் "முதல் அடி எங்கே?" என்று தேடுவது இன்னொரு தவறு. 12 துடிப்புகளை மூன்று மூன்றாகவும் எண்ணலாம், நாலு நாலாகவும் எண்ணலாம், இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும். நீங்கள் தாளில் கோடு போட்டு, ஆர்கெஸ்ட்ரா ஒவ்வொரு முதல் அடியையும் அழுத்தினால், சரி, மூன்றடி வால்ட்ஸ் நடனம் ஆகிவிட்டது.

அப்புறம், நோட்டேஷன் இல்லை என்பதற்காக இதை 'நாட்டுப்புறம்' என்று தள்ளிவிடாதீர்கள். ஜெலி எனப்படும் பரம்பரை இசைக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வருவது இது, துமானியின் அப்பா சிதிக்கியும் பெரிய கோரா வித்வான். அதேபோல் மேற்கு ஆப்பிரிக்கா என்றாலே கோரா என்றும் நினைக்க வேண்டாம். நைஜீரியாவின் ஃபெலா சோவாண்டே 1944-ல் தந்தி வாத்தியங்களுக்காக 'ஆஃப்ரிக்கன் சூட்' எழுதினார். அவர் ஆர்கன் கலைஞர், அவர் கதையில் கோராவே கிடையாது.